பழைய தளத்துக்குக் கேஷ் ப்ளகின்: அவசரப்படாதீங்க

பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்தது 1863 மே 30. அதைப் பற்றி ஒரு நாளிதழில் செய்தி வந்தா போதும், உள்ளூர் வரலாற்றை எழுதி வச்சிருக்கிற சின்ன வலைத்தளத்துக்கு ஒரே நாளில் கூட்டம் வந்துடும். பத்து பதினைந்து வருஷமா தொடாத வேர்ட்பிரஸ், மலிவான சர்வர். தளம் திணறும். உடனே யாராவது, "ஒரு கேஷ் ப்ளகின் போடுங்க"ன்னு சொல்வாங்க. யோசனை சரிதான். ஆனா அதைச் செய்யும் முன் அந்த ப்ளகின்களோட வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துடுறது நல்லது.

கேஷ்னா இங்கே பணம் இல்லை. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு வாசகருக்கும் தரவுத்தளத்தைக் கேட்டுப் பக்கத்தைப் புதுசா கட்டித் தரும். அது ஆர்டர் சொன்ன பிறகு தோசை ஊத்துற மாதிரி. கேஷ், அவிச்சு வச்ச இட்லியை எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

வேர்ட்பிரஸ் பிறந்தது 2003. ப்ளகின் வசதி 2004இல் வந்தது. ஸ்பெயினில் இருந்த ரிக்கார்டோ காலி எழுதிய டபிள்யூபி-கேஷை அடிப்படையாக வச்சு, அயர்லாந்தின் டொன்னக்கா ஓ கீவ் 2007இல் டபிள்யூபி சூப்பர் கேஷை உருவாக்கினார். 2009இல் டபிள்யூ3 டோட்டல் கேஷ் வந்தது. இந்த இரண்டும் உலகம் முழுக்கப் பரவின.

சிக்கலும் கூடவே வந்தது. டபிள்யூ3 டோட்டல் கேஷ் சேமிக்கும் கோப்புகளை வெளியாள் ஊகித்துப் படிக்க முடியும்னு 2012 டிசம்பரில் தெரிய வந்தது. 2013 ஏப்ரலில் அதைவிடப் பெரிய ஓட்டை. கருத்துப் பெட்டியில் ஒரு குறிப்பிட்ட வடிவில் எழுதினாலே, இந்த இரண்டு ப்ளகின்களும் அதைக் கட்டளையா எடுத்துச் சர்வரில் இயக்கிவிடும்! திருத்தம் சீக்கிரமே வந்தது. அப்டேட் செய்யாத தளங்களுக்கு மட்டும் அதனால பயனில்லை. பழைய தளத்துக்குப் பொருந்துதேன்னு பழைய ப்ளகினைத் தேடிப் போடுறவங்க கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

தமிழ்த் தளங்களுக்குத் தனியா ஒரு ஆபத்து உண்டு. 2007 மே மாதம் வந்த 2.2 பதிப்புக்கு முன், தரவுத்தளத்தோட எந்தக் குறியாக்கத்தில் பேசணும்னு வேர்ட்பிரஸ் சொல்லாது. அதனால பல தளங்களில் யூனிகோட் தமிழ், லத்தீன் எழுத்துக்கான பெட்டியில் போய் உட்கார்ந்திருக்கும். திரையில் சரியாத்தான் தெரியும். சர்வர் மாத்தும்போதோ அப்டேட்டின்போதோ கிறுக்கலா, கேள்விக்குறியா மாறலாம். அந்த நேரம் கேஷ் ஓடிக்கிட்டிருந்தா இன்னும் மோசம். உள்ளே எழுத்து சிதைஞ்சிருக்கும், வாசகருக்கோ பழைய நல்ல பிரதியே போகும். நமக்குத் தெரிய வரும்போது நல்ல பேக்கப் மேலயே கெட்ட பேக்கப் ஏறியிருக்கும்.

அதனால வரிசை முக்கியம். முதலில் கோப்புகள், தரவுத்தளம் இரண்டுக்கும் பேக்கப். அதை வேறொரு இடத்தில் நிறுவி, பழைய பதிவு ஒன்றைத் திறந்து தமிழ் தமிழாகவே இருக்கான்னு பாருங்க. அந்த நகலிலேயே வேர்ட்பிரஸையும் பிஎச்பியையும் புதுப்பிச்சுச் சோதிங்க. பிஎச்பி 5.6க்கான ஆதரவே 2018 டிசம்பர் 31 அன்று முடிஞ்சு போச்சு. இதெல்லாம் சரியா வந்த பிறகு கேஷ், அதுவும் ஒரே ஒரு ப்ளகின். உள்நுழைந்தவர்களுக்குக் கேஷ் வேண்டாம். பிடிக்கலைன்னா ஃபோல்டரை மட்டும் அழிச்சுடாதீங்க. கான்ஃபிக் கோப்பிலும் எச்டிஆக்சஸ் கோப்பிலும் அது எழுதின வரிகள் அப்படியே நிற்கும். முறையா நிறுத்திவிட்டு நீக்கணும்.

இனி யாரும் எழுதப் போவதில்லை என்ற தளத்துக்கு இவ்வளவு பாடும் தேவையில்லை. மொத்தத் தளத்தையும் எளிய எச்டிஎம்எல் பக்கங்களா மாத்தி வச்சிடலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் எளிய எச்டிஎம்எல், பிடிஎஃப் கோப்புகள்தான். இன்னிக்கும் திறக்குது. திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாத்துற உழைப்பு இருந்தது உண்மை. ஆனா உடைய ப்ளகினும் இல்லை, ஓட்டை விழ தரவுத்தளமும் இல்லை. ஊர் வரலாற்றை எழுதி வைக்கிறவங்களுக்கு வேகத்தைவிட அதுதான் பெரிய லாபம்.