துப்பாக்கிக் குழலில் ஒரு சின்னத் துளை

பரீட்சைக்கு வராத சரித்திரம் ஒன்று இந்த முறை.

அமெரிக்காவில் பாகங்களை வாங்கி முதல் ரைஃபிளைத் தாங்களே பூட்டுகிறவர்களை எல்லாம் குழப்பும் கேள்வி ஒன்று உண்டு: வாயுக் குழாய் எவ்வளவு நீளம் இருக்கவேண்டும்? நம் நாட்டில் அந்தக் குழப்பமே இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். எங்கள் போடிநாயக்கனூர் மலைப் பக்கம் துப்பாக்கி என்றால் உரிமம் பெற்ற ஒற்றைக் குழல், இரட்டைக் குழல்தான். சுட்டபின் கையால்தான் மறு தோட்டா போடவேண்டும். அதில் வாயுவுக்கு வேலை இல்லை.

ஆனால் இந்த விஷயத்தில் காட்டிய அலட்சியத்துக்கு வியட்நாமில் சிப்பாய்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். தானியங்கி ரைஃபிளின் குழலில் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்கும். குண்டு அந்தத் துளையைத் தாண்டியதும், பின்னால் வரும் வாயுவில் கொஞ்சம் அதன் வழியே புகுந்து, போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும். காலித் தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறும்.

துளை எங்கே இருக்கவேண்டும்? போடிக்காரர்களுக்கு ஏலக்காய் ஸ்டோரை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். அடுப்பை ஒட்டிய குழாயில் சூடு அதிகம், தள்ளிப் போகப்போகக் குறையும். இங்கே சூட்டுக்குப் பதில் அழுத்தம். துளை தோட்டா இருக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தால் அழுத்தம் மிக அதிகம். காலித் தோட்டா அறையின் சுவரை இறுகப் பிடித்திருக்கும்போதே போல்ட் அதை இழுக்கப் பார்க்கும். துளை குழலின் வாய்க்கு மிக அருகே இருந்தால், குண்டு வெளியேறியதும் அழுத்தம் போய்விடும். போல்ட்டைத் தள்ள நேரம் போதாது.

இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க எம்1 காரண்டில் துளை கிட்டத்தட்ட வாயின் அருகே இருந்தது. அழுத்தம் மென்மை, ஆனால் போல்ட் வரை நீளமான ஒரு கம்பி தேவைப்பட்டது. பொருந்தாத தோட்டா போட்டால் அந்தக் கம்பி வளைந்துவிடும்.

பின்னாளில் வந்தது யூஜின் ஸ்டோனரின் எம்16. 20 அங்குலக் குழல், நீளமான வாயுக் குழாய். ஸ்டோனரின் கணக்கு ஒரு குறிப்பிட்ட வெடிமருந்துக்கானது. 1964ல் ராணுவம் மருந்தை மாற்றியது. துளை அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் அதில் நுழையும் வாயுவின் அழுத்தம் ஏறிவிட்டது. சுடும் வேகம் கூடியது, கரி படிந்தது. போதாக்குறைக்கு அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை, சுத்தம் செய்யும் சாமான்களும் போதுமான அளவு கொடுக்கவில்லை. சண்டையின் நடுவே துப்பாக்கி சிக்கி நின்றது. 1967ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஐகார்ட் குழு விசாரித்து, மருந்து மாற்றத்தைக் கடுமையாகச் சாடியது.

1994ல் ஏற்ற எம்4 காரபைனில் குழல் 14.5 அங்குலம். குழலோடு வாயுக் குழாயையும் சுருக்கினார்கள். துளையிலிருந்து வாய் வரை உள்ள தூரம் ஏறக்குறைய எம்16ல் இருந்த அளவுதான். ஆனால் துளை அறையை நெருங்கியதால் அழுத்தம் கூடி, பாகங்கள் சீக்கிரம் தேய்ந்தன. இரண்டுக்கும் நடுவே வந்ததுதான் 'மிட்-லெங்த்' குழாய்.

சரி, நம்ம ஊர்க் கதை? 1962 சீனப் போரில் நம் ஜவான்கள் கையில் இருந்தது .303 ரைஃபிள். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுக்கவேண்டும். அதன் பிறகு 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். வந்தது. 1966ல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் ராணுவ ரைஃபிள்கள் செய்தது. எஸ்.எல்.ஆரில் துளையின் இடம் மாறாது. ஆனால் ரெகுலேட்டரைத் திருகி வாயுவின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். பாலைவனப் புழுதிக்கு ஒரு அளவு, சுத்தமான துப்பாக்கிக்கு ஒரு அளவு. பிறகு வந்த இன்சாஸிலும் ரெகுலேட்டர் உண்டு. திருச்சியிலேயே செய்யும் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' ஏ.கே. வகை. அதில் ரெகுலேட்டரே கிடையாது. தேவைக்கு மேலேயே வாயுவை விட்டு, அழுக்கிலும் ஓடும்படி அமைத்த வகை அது.

ரெகுலேட்டர் இருந்தால் மட்டும் போதுமா? 1999 கார்கில் போரில் இன்சாஸ் குளிரில் சிக்கியது, பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது என்று புகார்கள் வந்தன. ஒரு பாகம் சரியாக இருந்து பிரயோஜனம் இல்லை. குழல், துளை, மருந்து, மேகசின், பருவநிலை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும்.

சொந்தமாகப் பூட்டுகிற அமெரிக்கர் நீளத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் நஷ்டம் அவருக்கு மட்டும். ராணுவத்தில் அப்படி இல்லை. தேர்ந்தெடுப்பவர் அலுவலகத்தில் இருக்கிறார், சிக்கிய துப்பாக்கி எங்கோ மலையில் இன்னொருவர் கையில் இருக்கிறது. மருந்தை மாற்றினால் துளையையும் மறுபடி சோதிக்கவேண்டும் என்ற சின்ன விஷயம், விசாரணைக் குழு வைத்துச் சொல்லும் அளவுக்குப் போனது அதனால்தான்.