பலகையும் மேஜையும்

வெளியூரிலும் உள்ளூரிலும் ஹோட்டல் சாப்பாடு எனக்குப் பழக்கம். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் யாரென்று கேட்டதில்லை. இந்தக் கேளாமைக்கு ஒரு சரித்திரம் உண்டு.

தென்னிந்திய ரயில் நிலைய உணவுச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனியிடம் இருந்தது. அது 1941ல்தான் போயிற்று. 1950ல் அரசியல் சட்டத்தின் 15வது பிரிவு, உணவு விடுதிக்குள் நுழைய ஜாதி தடையாகாது என்றது. கதவு திறந்தது. பலகை நின்றது. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957ல் பெரியார் மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் தொண்டர்கள் கைதாகிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லுக்காக.

சொல்லே தொழிலான நான் என் கதைகளைப் புரட்டிப் பார்த்தேன். டிகிரி காபியின் மணம் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அந்தப் பலகையை ஓரிடத்திலும் காணோம்.