வீட்டு வாசற்படி

எங்கள் மஞ்சக்குப்பத்துப் பழைய கலெக்டர் கச்சேரியில் எத்தனையோ பேர் உத்தியோகம் கேட்டுப் படியேறியிருக்கிறார்கள். உடற்குறையுள்ள பெண்ணுக்கோ அதற்கு முன்னே இன்னொரு படி உண்டு. அது வீட்டு வாசற்படி. "உனக்கு எதற்கம்மா இந்த அலைச்சல்?" என்று அன்பாகவே தடுத்துவிடுகிறோம்.

சட்டம் என்ன செய்தது? 1995-ம் வருஷச் சட்டம் உடற்குறையுள்ளோருக்குச் சர்க்கார் வேலையில் நூற்றுக்கு 3 இடம் ஒதுக்கிற்று; 2016-ம் வருஷச் சட்டம் அதை 4 ஆக்கிற்று. விளைநிலமும் வீடும் கொடுக்கையில் பெண்களுக்கு முன்னுரிமை என்று சொல்லும் அந்தச் சட்டம், வேலை ஒதுக்கீட்டில் மட்டும் அவர்களைத் தனியே நினைக்கவில்லை.

முற்றிலும் பார்வையற்ற ஒருவர் முதன்முதலாக இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தது 2015-ல். அவர் சென்னைப் பெண் பெனோ ஜெஃபைன். அவருக்குப் புத்தகங்களைப் படித்துக் காட்டியவர் அவருடைய தாயார். அந்த வீட்டில் யாரும் வாசலை மறித்து நிற்கவில்லை. நம் வீடுகளில்?