பட்டமும் பட்டாவும்

சேலம் நகரின் வடகிழக்கே, வானுக்கு நீல வரம்பு கட்டியது போல் நிற்கிறது சேர்வராயன் மலை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காடு. ஏரியும் காடும் கூடி ஏற்காடு ஆயிற்று என்பர். கோடையிலே குளிர் தேடி வருவோர் ஏரியிலே படகு விடுகின்றனர், காப்பிக்கொட்டையும் மிளகும் வாங்குகின்றனர், மாலைக்குள் இறங்கி விடுகின்றனர். இந்த மலைக்கு உரியவர் யார், ஆண்டவர் யார் என்று அவர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே ஒரு பெயர்தான் விடையாகக் கிடைக்கும்: காக்பர்ன் துரை! 1820களிலே சேலத்தில் கலெக்டராக இருந்தவர். இம்மலையிலே காப்பியை நட்டவர். ஏற்காட்டின் தந்தை என்றே அவரைப் போற்றுவோர் உண்டு. தந்தை வந்து சேருவதற்குப் பல நூறு ஆண்டுகட்கு முன்பே பிள்ளை வளர்ந்து, மணம் முடித்து, நாடாண்டு கொண்டிருந்ததே, அந்த விந்தையை என்னென்பது!

மலையின் அகவையை அறிய வேண்டுமா? துரைமக்கள் எழுப்பிய திரித்துவ ஆலயத்தின் கல்லறைப் பக்கம் சென்றால் இராபர்ட் புரூசு ஃபூட் என்பாரின் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1863இல் பல்லாவரத்திலே பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்திய வரலாற்றின் தொடக்கத்தை ஒரே நாளில் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிய புவியியல் அறிஞர் அவர். (அவருடைய மாமனார், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பெர்சிவல் பாதிரியார். அவரும் 1882இல் ஏற்காட்டிலேதான் கண் மூடினார்.) ஃபூட் இம்மலையிலே புதிய கற்காலத்து மெருகேற்றிய கற்கோடரிகளைத் திரட்டினார். அத்தகைய கோடரிகளை மலைமக்கள் தங்கள் சிறு கோயில்களிலே வைத்துப் பூசை செய்து கொண்டிருந்தனர். உழைப்பாளி ஒருவன் காடு திருத்தத் தீட்டிய கருவி, காலம் கடந்தபோது கடவுளாகி விட்டது! கருவியைக் கும்பிட்டவர்கள், அதைச் செய்த கையை மறந்தார்கள். வரலாற்று ஆசிரியர்களும் பெரும்பாலும் அப்படியே செய்துவிட்டனர்.

மன்னர் வரிசையை மட்டும் வேண்டுவோர்க்கு இந்த வட்டாரம் குறை வைக்கவில்லை. வடக்கே தகடூர், இன்றைய தருமபுரி, தென்கிழக்கே கொல்லிமலை. இரண்டுக்கும் இடையே சேர்வராயன். கொல்லியை ஆண்டவன் வல்வில் ஓரி. அவனைக் கொன்றான் திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரி. கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். காரியின் கோவலூரை வென்றான் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி. அந்தத் தகடூரை அழித்தான் பெருஞ்சேரல் இரும்பொறை. அழித்த பெருமைக்காகப் பதிற்றுப்பத்தில் ஒரு பத்தும் பெற்றான். ஓரி, காரி, அதியன் மூவரும் கடையெழு வள்ளல்களிலே எண்ணப்படுபவர்கள். வந்தவர்க்கெல்லாம் வாரி வழங்கிய கைகள்தாம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். வள்ளல்கள் போருக்குப் போனபோது தினைப்புனங்கள் என்னவாயின என்பதைச் சொல்லுவதில்லை.

அதியர் குலம் புலவர் கற்பனையன்று. அசோகனின் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்றொரு குலத்தையும் கூறுகிறது. அவர் யார் என்று அறிஞர்கள் நெடுநாள் வழக்காடினர். 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையிலே ஒரு கல்வெட்டு கிடைத்தது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி என்று அந்தக் கல்லே பெயர் சொல்லியது, வழக்குத் தீர்ந்தது. தகடூர் வீழ்ந்த பின்னும் குலம் அற்றுப் போகவில்லை. 1116இல் ஹொய்சளர் படை தலைக்காட்டைப் பிடித்தபோது, அங்கே சோழனுக்காகக் காவல் நின்றவன் ஓர் அதியமான். பின்னர் மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் விடுகாதழகிய பெருமாள் என்ற அதியமான், போளூரை அடுத்த திருமலையிலே தன் முன்னோனாகிய எழினி அமைத்த இயக்கன், இயக்கி திருமேனிகளைப் புதுப்பித்து, அதைக் கல்லிலும் பொறித்தான். அதற்குப் பிறகு தாரமங்கலத்துக் கெட்டி முதலிகள், மைசூர் உடையார்கள், ஐதர், திப்பு என்று சமவெளியில் கொடி மாறிக் கொண்டே இருந்தது.

கொடி மாறியது; மலையில் குடி மாறவில்லை. சேர்வராயனின் உண்மை வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

மலையில் வாழும் குடிமக்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்தாரோடு குழப்பிக் கொள்ள வேண்டாம். மலையை ஆள்பவர், மலையின் ஆள் என்பதே பொருள். பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த காரைக்காட்டு வேளாளர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என மூன்று உடன்பிறந்தார் தங்கள் தெய்வம் கரிராமனைத் தொடர்ந்து காஞ்சியை விட்டுக் கிளம்பினராம். மூத்தவன் சேர்வராயனில் ஏறினான். நடுவன் பச்சைமலைக்குப் போனான். இளையவன் சென்ற வழியைக் கதை சொல்வோர் வெவ்வேறாகச் சொல்லுவர். வந்த இடத்தில் பெண் கொண்டார்கள்: ஒருத்தி கைக்கோளர் மகள், ஒருத்தி வேட்டுவர் மகள், ஒருத்தி தேவேந்திரப் பள்ளர் மகள் என்று ஒரு வழக்கு கூறுகிறது. இந்தக் கதைக்குக் கல்வெட்டுச் சான்று கிடையாது. ஆனாலும் இது சொல்லும் உண்மை ஒன்று உண்டு. ‘நாங்கள் வேளாளர்’ என்று பாட்டன் பெயரால் மார்தட்டும் குலம், பாட்டி பெயரைச் சொல்லும்போது நெசவாளியையும் வேடனையும் உழவனையும் உறவாக்கிக் கொள்கிறது! சமவெளியிலும் பாட்டிமார் வாய் திறந்தால் எத்தனை குலப்பெருமைகள் இப்படிக் கலகலத்துப் போகுமோ!

மூத்தவன் வழியினர் மலையை மூன்று நாடாகப் பகுத்துக் கொண்டனர்: சேலநாடு, மோகநாடு, முட்டநாடு. நாட்டுக்கு ஒரு பட்டக்காரர். அவர்க்குக் கீழே மூப்பன், ஊர்க்கவுண்டன், கங்காணி. எல்லை வழக்கும், மணவழக்கும், கடன் வழக்கும் நாட்டுக்கூட்டத்திலே தீர்ந்தன. கோட்டை இல்லை, கொத்தளம் இல்லை, அரண்மனை இல்லை. எழுதிய சட்டமும் இல்லை; எல்லாம் வாய்ச்சொல். உழவுகாட்டில் ஏர் பூட்டினர். சரிவுகளிலே கொத்துக்காடு வெட்டி, சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்தனர். சில ஆண்டு விளைத்த காட்டைச் சில ஆண்டு ஆறப் போட்டு, மறுகாடு சென்றனர். ஆறிக்கிடக்கும் காடு யாருடையது என்பது குழந்தைக்கும் தெரியும்; ஏட்டிலே மட்டும் இராது.

இதைப் பொற்காலம் என்று பாட நான் முன்வரவில்லை. பட்டம் தந்தைக்குப் பின் மகனுக்கு வருவது. கூட்டத்திலே ஆடவர் பேசினர். பெண்ணின் வழக்கையும் ஆடவரே பேசினர். கட்டுப்பாடு மீறியவனுக்கு அபராதம். சாதிவரம்பு மீறியவனுக்குக் குலவிலக்கு. ஆயினும் அந்த ஆட்சியிலே நிலமற்றவனை உண்டாக்கும் வழி இருக்கவில்லை. அந்த வழியைத் திறந்தவர்கள் பின்னால் வந்தார்கள்.

1792இல் திப்பு, சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் சேலத்தையும் பாராமகாலையும் கும்பெனியாரிடம் இழந்தான். அலெக்சாண்டர் ரீடு வந்தார். அவர் கீழே தாமஸ் மன்றோ வந்தார். வயல்வயலாக அளந்து, உழவன் பெயர் எழுதி, வரி விதித்தார்கள். இரயத்துவாரி முறை உருவான பட்டறை இந்த மண்தான். சமவெளி உழவனுக்கு அதனால் நன்மையும் வந்தது, தீமையும் வந்தது. மலையிலோ அளவுகோலுக்கு ஆறப்போட்ட காடு தெரியவில்லை. ஏர் பட்ட நிலம், உழவு. ஏர் படாத நிலம், தரிசு. தரிசுக்கு உடையவர் யார்? சர்க்கார்! அந்த ஒரு சொல்லின் வழியாகவே காப்பி உள்ளே புகுந்தது. தரிசு என்று கணக்கேறிய சரிவுகள் தோட்டங்களாயின. தோட்டத்துக்கு வேலி வந்தது, பட்டா வந்தது, பங்களா வந்தது. பட்டக்காரரிடம் பட்டம் இருந்தது; பட்டா இல்லை. வழக்கு மன்றத்திலே எது செல்லும் என்று சொல்லவும் வேண்டுமா? 1882இல் சென்னை வனச்சட்டம் வந்து, எஞ்சிய காட்டையும் ஒதுக்குக் காடாக அளந்து கொள்ள வழி செய்தது. விறகு பொறுக்கியவன் குற்றவாளி ஆனான்.

கங்காணி என்ற சொல்லின் கதையைக் கேளுங்கள். பட்டக்காரர் ஆட்சியிலே அது ஒரு பதவி. நாட்டின் காரியம் பார்ப்பவன். காப்பித் தோட்டத்திலே அதே சொல், கூலிகளைப் பிடித்து வந்து முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிவைக்கும் மேஸ்திரியைக் குறித்தது. இலங்கையின் தோட்டங்களிலே அந்தச் சொல்லை உச்சரித்தபோது தமிழர் முதுகு வலித்தது. ஒரே சொல், மலையின் ஒரு பக்கம் மதிப்பு, மறுபக்கம் சவுக்கு.

இது நம் மலைக்கு மட்டும் நேர்ந்த விதியா? கடல் கடந்து ஒரு நாட்டைப் பார்ப்போம். சப்பானிலே காய் என்றொரு பழைய நாடு. (நம் காயும் கனியும் அல்ல, ஊர்ப்பெயர்.) நாற்புறமும் மலை சூழ்ந்தது. தக்கெடா குலத்தார் தலைமுறை தலைமுறையாக அதை ஆண்டனர். அவருள் புகழ்பெற்றவன் ஷிங்கென். 1541இல் தந்தையை நாடு கடத்திவிட்டுத் தலைமை ஏற்றான், 1547இல் தன் நாட்டுக்கென எழுத்திலே சட்டம் செய்தான், 1573இல் மாண்டான். அவன் மகன் கட்சுயோரியின் குதிரைப்படை 1575இல் நாகஷினோ களத்திலே நொபுநாகாவின் துப்பாக்கிகள் முன் சாய்ந்தது. 1582இல் குலமே முடிந்தது. சப்பானியர் அதைக் கூத்தாக்கினர், திரைப்படமும் ஆக்கினர். நாமும் தகடூர்ப் போரை யாத்திரை பாடி வைத்தவர்கள்தாமே. ஏட்டைத்தான் காக்கத் தவறினோம்.

பிரபுவின் கதை அத்துடன் முடிகிறது. குடிகளின் கதை முந்நூறு ஆண்டுக்குப் பின்னரே உச்சத்துக்கு வருகிறது. 1871இல் சப்பானின் புதிய அரசு பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளை ஒழித்தது. காய் நாடு யாமனாஷி மாவட்டம் ஆயிற்று. அடுத்து நிலத்துக்குப் பத்திரம் கொடுத்தனர். ஊரார் பொதுவிலே விறகும் புல்லும் எடுத்து வந்த மலைகளுக்குப் பத்திரம் ஏது? எழுத்துச் சான்று இல்லாத மலையெல்லாம் அரசுடைமை ஆயின. 1889இல் அரசகுடும்பத்தின் சொத்தாயின. தமதென்று காத்தவர்கள் விலக்கப்பட்டதும், காப்பாரற்ற காடு வெட்டுண்டது. 1907இல் பெருவெள்ளம் வந்து ஊர்களை அடித்துச் சென்றது. 1911இல்தான் பேரரசர் அந்தக் காடுகளை மாவட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்தார், அதுவும் கொடை என்ற பெயரால்! ஊரார் உடைமையை எடுத்தபோது அது சட்டம், கொடுத்தபோது கருணை. ஷிங்கெனின் சட்டம் காய் நாட்டுக் குடியானவனுக்குக் கைகொடுக்கவில்லை. வெள்ளம்தான் அவனுக்காக வாதாடியது.

சேர்வராயனுக்குத் திரும்புவோம். விடுதலைக்குப் பின் காக்பர்ன்கள் போயினர். தோட்டங்கள் கைமாறின, மலைமக்களிடம் மட்டும் மீளவில்லை. 1960களில் மேட்டூரில் எழுந்த அலுமினிய ஆலைக்காக இந்த மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட்டு வெட்டி எடுத்தனர். கடல்மட்டத்துக்கு 5,300 அடிக்கு மேலே, குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் குடியிருக்கும் அந்த உச்சிக்கு மே மாதத் திருவிழாவில் மூன்று நாட்டாரும் திரண்டு ஏறுகின்றனர். அந்த ஒரு நாள் மலை அவர்களுடையது போலத் தோன்றும்.

சேலம் உள்ளிட்ட சில மாவட்டங்களின் மலையாளிகளை அரசு பழங்குடியினர் பட்டியலிலே சேர்த்தது. தமிழ்நாட்டின் சட்டமன்றத்தில் பழங்குடியினர்க்கென ஒதுக்கிய தொகுதிகள் இரண்டே: ஏற்காடு ஒன்று, கொல்லிமலையை அடக்கிய சேந்தமங்கலம் மற்றொன்று. பட்டியலோ மாவட்டப் பெயர் சொல்லி எழுதியது. ஆகவே ஈரோட்டு மலைகளில் வாழும் இதே குடியினர், மாவட்ட எல்லையைத் தாண்டிப் பிறந்த குற்றத்துக்காகப் பட்டியலுக்கு வெளியே நின்று நெடுங்காலம் முறையிட்டு வந்துள்ளனர். மலைக்குத் தெரியாத கோடு மறுபடியும் காகிதத்திலே!

2006இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றியது. பழங்குடிக்கு இழைத்தது வரலாற்று அநீதி என்று முகவுரையிலேயே ஒப்புக் கொண்ட சட்டம் அது. 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் வாழ்ந்து பயிரிடும் பழங்குடியினர் உரிமை கேட்கலாம். ஊர் பொதுவிலே அனுபவித்த காட்டுக்கு ஊராகவும் கேட்கலாம். கேட்பதை முதலில் விசாரிப்பது கிராம சபை. சான்றாக எவை செல்லும் என்று 2008ஆம் ஆண்டின் விதிகள் வரிசைப்படுத்துகின்றன: அரசின் ஏடுகள், பழைய வீட்டின் அடையாளம், இடுகாடு, கோயிலிடம், முன்னோரைக் காட்டும் குலவரிசை, முதியோர் சொல்லை எழுதிக் கொண்ட வாக்குமூலம். தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் நீதிமன்றத் தடையால் நின்றுபோயிருந்தது. தடை இப்பொழுது இல்லை. சேலநாட்டிலும் மோகநாட்டிலும் முட்டநாட்டிலும், எந்தக் கொத்துக்காடு யார் வீட்டுக்குரியது என்று வாய்ச்சொல்லாகவே சொல்லத் தெரிந்த கிழவர்களும் கிழவிகளும் இருக்கும்பொழுதே, கிராம சபை ஏடும் எழுதுகோலும் எடுத்து அவர்கள் எதிரே உட்கார வேண்டும். இம்முறை கிழவிகளின் சொல்லையும் கேட்டு எழுத வேண்டும்.