இருட்டுக்கு என்ன நிறம்?

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கபாலீசுவரர் தெப்பக்குளம் முழுதும் தெரியும். நண்பர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தைல வர்ணத்தில் படம் எழுதுவார். இரவுப் பார்வை மங்கி வருகிறதென்று டாக்டர் சொன்ன பிறகு, தைப்பூசத் தெப்பத்தை இரவிலேயே, பார்த்தபடியே எழுதிவிட வேண்டுமென்று அவருக்கு ஒரே பிடிவாதம்.

"பார்த்து வைத்துக்கொண்டு காலையில் எழுதினால் ஆகாதா, ஸார்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு ஞாபகம் இருக்கும். கண் இருக்குமா?" என்றார்.

தைல வர்ணம் நம் நாட்டில் சுலபமாகக் கைவந்த வித்தை அல்ல. திருவனந்தபுரம் அரண்மனையில் அதை அறிந்திருந்த ராமசாமி நாயக்கர், பையன் ரவிவர்மாவுக்குக் கற்றுத்தர மறுத்துவிட்டார். 1868-ல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரோ, எழுதும்போது வேடிக்கை பார்க்க மட்டுமே அனுமதித்தார். வேடிக்கை பார்த்த அந்தப் பையன் 1873-ல் நம் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் வாங்கினார்! 1889-ல் அவர் எழுதிய 'நிலவொளியில் பெண்' டில்லியில் இருக்கிறது. அழகான படந்தான். ஆனால் சேலை மடிப்பு அத்தனை துல்லியமாக நிலாவில் தெரியுமா? அறைக்குள் எழுதிய நிலா என்பது என் சந்தேகம்.

விஸ்லர் இந்த விஷயத்தில் ஒளிவு மறைவில்லாதவர். இரவில் தேம்ஸ் நதியைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு, பிறகு அறையில் எழுதுவார். அவருடைய வாணவேடிக்கைப் படத்தை ரஸ்கின் ஏசப்போய், 1878-ல் மானநஷ்ட வழக்கு நடந்தது. விஸ்லருக்கே ஜயம். நஷ்ட ஈடு கால் பென்னி! மறு வருஷம் மனிதர் திவாலானார்.

வான்கோ நம் நண்பரின் கட்சி. 1888 செப்டம்பரில் ஆர்ல் நகரத் தெருவில் நின்றே காபிக் கடையை எழுதினார். இருட்டில் நீலத்தைப் பச்சையென்று எடுத்துவிடக் கூடுமென்று தங்கைக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொள்ளவும் செய்தார். அதற்குக் காரணம் உண்டு. வெளிச்சம் குறையக் குறையச் சிவப்பு கறுத்துப்போகும். நீலம் தூக்கலாகத் தெரியும். 1819-லேயே பூர்கின்யே என்ற போஹீமிய வைத்தியர் இதைக் கவனித்திருக்கிறார்.

மயிலாப்பூரிலும் அதுவே நடந்தது. காலையில் போய்ப் பார்த்தேன். தெப்பத்தின் சிவப்புப் பட்டு ரத்தமாய்க் கொட்டிக் கிடந்தது. இருட்டில் போதவில்லையென்று அள்ளி அப்பியிருக்கிறார். குளத்துத் தண்ணீர் பாசிப் பச்சை. காயாத எண்ணெயில் ஒரு விட்டில்பூச்சி வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுக்கப் போனேன்.

"அது இருக்கட்டும், நேற்று ராத்திரி அதுவும் அங்கேதான் இருந்தது" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.