குடத்துக்குள் போன பெயர்கள்: உத்திரமேரூர்ச் சபையும் தலைமைத் தகுதியும்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. முதலாவது அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல் வெட்டப்பட்டது. அடுத்தது 14ஆம் ஆட்சியாண்டுக்குரியது, கி.பி. 921. ஊரை ஆளும் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையை இவை விதிக்கின்றன. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுக்கும் இம்முறையே குடவோலை. அந்தப் பெயரைக் கேட்டதும் குடமும் ஓலையுமே எல்லோர் நினைவுக்கும் வருகின்றன. ஆனால் கல்வெட்டு அதிக வரிகளைச் செலவிடுவது குலுக்கல் முறைக்கு அன்று. எவர் பெயர் ஓலையில் ஏறலாம், எவர் பெயர் எந்நாளும் ஏறக்கூடாது என்று வரையறுப்பதற்கே அவ்வளவு இடம் போயிருக்கிறது.

ஊர் பல்லவர் காலத்தது. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் பிராமணர்களுக்கு அளித்த பிரமதேயமாக இது வளர்ந்தது. உத்திரமேருச் சதுர்வேதிமங்கலம் என்பது அதன் பெயர். நிலமுடைய பிராமணர்கள் கூடிய மகாசபை ஊரை நிர்வகித்தது. ஊருக்கு உயிராக இருந்தது வயிரமேக தடாகம் என்ற பெரிய ஏரி. கரையைக் காப்பது, மதகைப் பேணுவது, வண்டலை வாருவது ஆகிய வேலைகள் ஆண்டுதோறும் முடிந்தாக வேண்டும். ஒரு பருவம் தவறினாலும் விளைச்சல் போய்விடும். தோட்டங்கள், பொன்னின் மாற்று, அறக்கொடைகள், வரிக்கணக்கு என்று பொறுப்புகள் பெருகியிருந்தன. அவற்றை வாரியங்கள் பகிர்ந்துகொண்டன.

ஆள்வோரின் தகுதியைக் கல்லில் எழுதிவைக்கும் வழக்கம் உத்திரமேரூரில் தொடங்கியதன்று. திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூரில் சுமார் கி.பி. 800ஐச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சபையில் பேச வருபவர் நிலப்பங்கு உடையவராகவும், கற்றவராகவும், நன்னடத்தை உள்ளவராகவும் இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. வருகிற தீர்மானத்துக்கெல்லாம் வேண்டுமென்றே மறுப்புச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு ஐந்து காசு தண்டமும் விதிக்கிறது. அவையில் எப்படி நடந்துகொள்வது என்பதும் தலைமைக்குரிய பண்பாக அப்போதே எண்ணப்பட்டிருக்கிறது. ஓலையைக் குடத்திலிட்டு எடுக்கும் பழக்கம் அதனினும் பழையது. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் அது உவமையாக வருகிறது. இரண்டையும் இணைத்து முழு விதித்தொகுப்பாக ஆக்கியது உத்திரமேரூர்.

921ஆம் ஆண்டு விதிப்படி, வாரியத்துக்கு வருபவருக்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். மந்திர பிராமணம் என்ற வேதப்பகுதி தெரிந்திருக்க வேண்டும். அரைக்கால் வேலி மட்டுமே உடையவர் ஒரு வேதமும் நான்கு பாடியங்களுள், அதாவது உரைகளுள், ஒன்றும் கற்றிருந்தால் அவருக்கும் இடமுண்டு. நிலத்தில் குறைந்ததைக் கல்வி ஈடுசெய்தது. முந்தைய கல்வெட்டு வயதை 30 முதல் 60 வரை என்று வைத்திருந்தது. இரண்டே ஆண்டுகளில் கீழ்வரம்பு ஐந்தாண்டு கூடியதற்குக் கல்வெட்டு காரணம் சொல்லவில்லை. முதிர்ச்சி போதாது என்று சபை கருதியிருக்க வேண்டும் என ஊகிக்கலாம்.

இவையெல்லாம் அளந்து பார்க்கக்கூடியவை. அடுத்து வருபவை அப்படியல்ல. காரியத்தில் நிபுணராக இருக்க வேண்டும். ஒழுக்கம் உடையவராக இருக்க வேண்டும். அர்த்தசௌசமும் ஆன்மசௌசமும் வேண்டும். ஈட்டிய பொருளில் தூய்மை, உள்ளத்தில் தூய்மை என்பது பொருள். இவற்றை ஒருவர் தேர்தல் நெருங்கும்போது அவசரமாகத் தேடிக்கொள்ள முடியாது. ஒரே ஊரில், ஒரே தெருவில் முப்பத்தைந்து ஆண்டு வாழ்ந்தவரின் பொருள் எப்படி வந்தது என்பது அண்டை வீட்டாருக்குத் தெரியும். அந்தத் தெரிதலை நம்பியே விதி எழுதப்பட்டிருக்கிறது.

தகுதியிழப்புப் பட்டியல் இன்னும் கடுமையானது. பிறர் பொருளைக் கவர்ந்தவர், பெரும் பாதகம் செய்தவர், முன்பின் பாராமல் துணிபவர், பொய் ஆவணம் எழுதியவர், குற்றத்துக்காகக் கழுதைமேல் ஏற்றப்பட்டவர் எனப் பலர் அதில் வருகிறார்கள். இவர்களில் சிலர் பிராயச்சித்தம் செய்து சுத்தரானாலும், உயிருள்ளவரை அவர்கள் பெயர் குடத்தில் இடப்படாது. சடங்கு ஒருவரைச் சமூகத்துக்குள் திரும்பச் சேர்க்கலாம். பொதுப் பொறுப்புக்குத் திரும்பக் கொண்டுவராது. இந்த வேறுபாட்டை அவ்வளவு தெளிவாகப் பிரித்தறிந்தது சபையின் பெரிய சாதனை.

பட்டியலில் முதன்மையான இடம் கணக்குக் காட்டாதவருக்கு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்கு ஒப்படைக்காதவர் மீண்டும் வரக்கூடாது. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மகன் என உறவினர் ஒவ்வொருவரையும் முறைசொல்லித் தடுக்கிறது கல்வெட்டு. தாம் விலகி உறவினரை உட்காரவைத்துப் பழைய கணக்கை மறைக்கும் தந்திரத்தைச் சபை நன்கு அறிந்திருக்கிறது. பங்காளி உறவை மட்டும் அடைத்தால் சம்பந்தி வழியில் ஓட்டை விழும் என்பதும் தெரிந்திருக்கிறது. தன் நேர்மை தன்னோடு நிற்பதில்லை, வீட்டார் அனைவரின் பெயரும் அதில் கட்டுண்டிருக்கிறது என்று வாரியத்தார் ஒவ்வொருவரும் உணர வேண்டியிருந்தது.

வடிகட்டிய பின்னரே குடம் வரும். ஊரின் 30 குடும்புகளில், அதாவது ஊர்ப்பகுதிகளில், தகுதியுள்ளோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் குடும்பு வாரியாகக் கட்டி, மேலோலையாகிய வாயோலை பூட்டிக் குடத்தில் இடுவார்கள். சிறியோர் முதியோர் உட்பட மகாசபை நிறைந்து கூடும். அன்று ஊரிலிருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசகர், ஒருவர் விடாமல் மண்டபத்தில் அமர்வார்கள். அவர்களில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் காணும்படி குடத்தை மேல்நோக்கி ஏந்தி நிற்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் அவிழ்த்துக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை ஏற்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை இல்லை என்று அவையறிய வேண்டுமல்லவா. அவர் வாசித்த பெயரை நம்பிமார் அனைவரும் வாசிப்பார்கள். பிறகே அது பதிவாகும்.

குலுக்கல் என்பதால் பதவிக்கு ஆசைப்பட்டுப் பயனில்லை. ஆள் சேர்ப்பதோ பரிசு கொடுப்பதோ சிறுவன் கையைத் திருப்பாது. ஒருவர் செய்யக்கூடியது ஓலையில் ஏறத் தக்கவராகத் தம்மை வைத்துக்கொள்வது மட்டும்தான். இந்த முறையின் உண்மையான வலிமை இதில்தான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

குடும்புக்கு ஒருவராக வந்த முப்பது பேரையும் ஒரே வேலைக்கு விடவில்லை. ஏரி வாரியத்திலும் தோட்ட வாரியத்திலும் முன்பு பணியாற்றியவர்கள், கல்வியில் சிறந்தவர்கள், வயதில் மூத்தவர்கள் ஆகியோரில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்குப் போவார்கள். ஆண்டு நிர்வாகம் முழுவதையும் மேற்பார்க்கும் வாரியம் அது. மற்றவர்களில் 12 பேர் தோட்ட வாரியம். எஞ்சிய 6 பேர் ஏரி வாரியம். ஏரிக்கரையில் நின்று வேலை பழகியவருக்கே மேலிடத்தில் முன்னுரிமை என்பது இதனால் விளங்குகிறது. பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியே குலுக்கல் நடந்தது. பதவிக்காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் உடனே நீக்கம். முடிந்தபின் மூன்றாண்டு எந்த வாரியத்துக்கும் வர முடியாது. அந்த இடைவெளியில் அவர் சாதாரணக் குடியாக, புதிய வாரியத்தாருக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தார்.

கணக்கெழுதுவோருக்கும் இதே நெறிதான். நேர்வழியில் பொருள் ஈட்டியவரே கணக்கெழுதலாம். தாம் எழுதிய கணக்கைத் தாமே பெரியோர் முன் ஒப்பித்து, சுத்தமானது என்று தீர்ப்புப் பெறும்வரை வேறு கணக்கைத் தொட முடியாது. அவருக்குப் பதிலாக இன்னொருவர் வந்து முடித்துக்கொடுப்பதும் கூடாது.

இந்த ஏற்பாட்டைப் போற்றும்போது அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பெண்களுக்கு இடமில்லை, நிலமற்றவருக்கு இல்லை, பிராமணரல்லாத உழுகுடிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் இல்லை. ஏரியில் மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. தகுதி என்று சபை சொன்னவற்றில் வேதக் கல்வியும் நிலவுடைமையும் பிறப்பால் வாய்ப்பவை. பொருள் தூய்மையும் கணக்கில் நேர்மையும் மட்டுமே எவரும் தம் முயற்சியால் எய்தக்கூடியவை.

இக்கல்வெட்டுகள் 1898இல் படியெடுக்கப்பட்டன. தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் கல்வெட்டாய்வாளர் வி. வெங்கய்யா இவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதினார். பின்னர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சோழர் ஆட்சிமுறை பற்றிய தம் ஆய்வுகளில் நுணுகி விளக்கினார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஊராட்சிகள் பற்றிய விவாதத்தின்போது உறுப்பினர் டி. பிரகாசம் உத்திரமேரூரை எடுத்துக்காட்டினார். அந்த விவாதத்தின் விளைவே, ஊராட்சிகளை அமைக்கச் சொல்லும் அரசியலமைப்பின் 40ஆவது உறுப்பு. 1992இன் 73ஆவது திருத்தம் ஊராட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கி, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடங்களை ஒதுக்கியது. நிலமும் வேதமும் இன்று தகுதியாகக் கேட்கப்படுவதில்லை. 21 வயது நிரம்பியவர் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம். கணக்கு பற்றிய விதி மட்டும் வேறு வடிவில் இருக்கிறது: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 10ஏ பிரிவின்படி, தக்க காரணமின்றித் தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாத வேட்பாளரைத் தேர்தல் ஆணையம் மூன்றாண்டுக்குத் தகுதியிழக்கச் செய்யும். அவருடைய உறவினரை அச்சட்டம் தடுப்பதில்லை.