தச்சரின் வாசல்

'பெகி ஸ்டூவர்ட்' கப்பல் அமெரிக்காவின் அனாபோலிஸ் துறைமுகத்தில் நிற்கிறது. பிரிட்டிஷ் வரி விதிக்கப்பட்ட தேயிலை இன்னும் இறங்கவில்லை. கப்பலையே கொளுத்தச் சொல்லும் கூட்டத்தின் முன்வரிசையில் தோட்ட முதலாளி மத்தையாஸ் ஹேமண்ட். 1774 அக்டோபர் 19 அன்று வைக்கப்பட்ட அந்தத் தீயை இந்த வாரம் சொல்வதாகத்தான் இருந்தேன். ஆனால், அதே ஆண்டில் ஹேமண்ட் எழுப்பிக்கொண்டிருந்த செங்கல் மாளிகையைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. தீ அடுத்த வாரம்.

மாளிகையின் உண்மையான நாயகர், அதை வடிவமைத்த வில்லியம் பக்லாண்ட். ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்து, லண்டனில் மரவேலை பழகியவர். 1755-இல் ஒப்பந்தக் கூலியாக அமெரிக்கா வந்தார்: நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு 20 பவுண்டு. வர்ஜீனியாவில் தோட்ட முதலாளி ஜார்ஜ் மேசனின் கன்ஸ்டன் ஹால் மாளிகை அவர் உளியில்தான் அழகு பெற்றது. ஒப்பந்தம் முடிந்ததும் அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே மேசன் அவரைப் புகழ்ந்து எழுதிக்கொடுத்தார். ஒரு தொழிலாளிக்கு அதைவிடப் பெரிய பட்டயம் எது? பின்னாளில் பக்லாண்டும் அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது.

ஹேமண்ட் வீட்டுக்கு அவர் எடுத்த மாதிரி, இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ மொன்தஞானாவில் எழுப்பிய பிசானி மாளிகை. நடுவே உயர்ந்த கட்டடம், இருபுறமும் அரை எண்கோணமாக முன்தள்ளிய சிறகுக் கட்டடங்கள், இவற்றை இணைக்கும் தாழ்ந்த நடைகள். அந்தக் காலத்து ஜார்ஜியக் கட்டடப் பாணியின் உயிர் சமச்சீர்தான். அதற்காகவே உணவறையில் ஒரு தந்திரம்: உள்ளிருந்து பார்த்தால் சன்னல், அடிப்பலகையைத் திறந்தால் தோட்டத்துக்கு வழி. வெளியே சுவரெல்லாம் எளிய செங்கல். அலங்காரத்தில் பெரும்பகுதியைத் தலைவாசலில் கொட்டியிருக்கிறார்: அயோனியத் தூண்கள், மேலே மரத்தில் செதுக்கிய ரோஜாச் சரங்கள். அமெரிக்காவில் இதைவிட அழகான வாசல் இல்லை என்பேன்.

வேலை முடியும் முன்னே, அதே 1774-இல், நாற்பது வயதில் பக்லாண்ட் இறந்தார். ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் அதே ஆண்டில் தொடங்கிய அவருடைய ஓவியம் 1787-இல்தான் முடிந்தது. அதில் அவர் முன்னே மேசைமேல் இந்த வீட்டின் வரைபடம் இருக்கிறது.

பணம் போட்ட ஹேமண்ட் அங்கே குடியேறவே இல்லை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பக்லாண்டின் கொள்ளுப்பேரன் வில்லியம் ஹார்வுட், பிற்காலத்தில் அந்த வீட்டை வைத்திருந்த குடும்பத்துப் பெண்ணையே மணந்தார். அவர்கள் மகள் 1924-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். இன்று அதன் பெயர் ஹேமண்ட்-ஹார்வுட் மாளிகை. என்னைக் கேட்டால் பக்லாண்ட் பெயரைத்தான் முதலில் வைத்திருப்பேன்.